இருபது உயிர், ஏழு மின்னல்

2023 ஜூன் மாதம் டொரன்டோ வட்டாரத்தில் கடை ஊழியர் ஒருவர் சீட்டுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்தார். உள்ளே 'தி ஒன் ரிங்' இருந்தது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை வைத்து 'மேஜிக்: த கேதரிங்' விளையாட்டுக்காக அச்சடித்த தொகுதியின் சீட்டு அது. உலகத்துக்கே ஒரு பிரதி என்று 001/001 எண் போட்டு, ஏதோ ஒரு பாக்கெட்டுக்குள் ஒளித்து அனுப்பியிருந்தார்கள். ஆகஸ்டில் அமெரிக்கப் பாடகர் போஸ்ட் மலோன் அந்தச் சீட்டை வாங்கினார். விலை 20 லட்சம் அமெரிக்க டாலர் என்று செய்தி வந்தது.

டொரன்டோவுக்குக் கிழக்கே ரூஜ் ஆற்றைத் தாண்டினால் பிக்கரிங். 2021 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைந்த மக்கள்தொகை. ஏரிக்கரையில் 1971 முதல் மின்சாரம் தரும் அணுமின் நிலையம், ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் 401 நெடுஞ்சாலை, அதன் பக்கத்திலேயே கோ ரயில். ஸ்கார்பரோ அடுக்ககங்களில் வாழ்க்கையைத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகள் வளர வளர, வீடு வாங்கிக் கிழக்கே நகர்ந்து வந்த ஊர்களில் இதுவும் ஒன்று. 'ஒன் ரிங்' செய்தி வந்த வாரம் இங்கே எத்தனை பேஸ்மென்டுகளில் பழைய ஷூ பெட்டிகளைத் தூசி தட்டியிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

வெள்ளிக்கிழமை மாலை இந்த வட்டாரத்துக் கார்ட் கடைகளில் மடிப்பு மேசைகளைச் சுற்றி உட்காருகிறவர்கள் அந்த 20 லட்சம் டாலரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 'ஒன் ரிங்' சாதாரணப் பதிப்பிலும் வந்தது. அதை நான்கு பிரதி வைத்து ஆடியவர்களையும், அதற்கு எதிரே உட்கார்ந்து நொந்தவர்களையும் அவர்களுக்குத் தெரியும். 2024 டிசம்பரில் 'மாடர்ன்' பிரிவுப் போட்டிகளில் அந்தச் சீட்டைத் தடை செய்தபோது கடைகளில் பேச்சு சூடு பிடித்தது. விலையைவிட, எதை வைத்து ஆடலாம், எதை வைத்து ஆடக்கூடாது என்பதுதான் இவர்களுக்கு முக்கியம். அதிலும் ஒரு கேள்வி தீராமல் ஓடிக்கொண்டே இருக்கும்: போட்டிக்குப் போகும்போது ஜெயிக்கிற டெக்கை எடுத்துக்கொண்டு போவதா, பிடித்த டெக்கையா?

சூதா, செஸ்ஸா?

தமிழ்நாட்டில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்ட் நினைவிருக்கும். ஹல்க் ஹோகனின் மார்பளவு, ஆண்ட்ரே த ஜயன்ட்டின் உயரம், எத்தனை சண்டை, எத்தனை வெற்றி. எண் பெரிதாக இருந்தால் எதிராளியின் சீட்டு நமக்கு. கட்டு எல்லோருக்கும் ஒன்றுதான்; கையில் வந்ததை வைத்து ஆட வேண்டும். யாழ்ப்பாணத்தார் கூடும் இடமெல்லாம் நடக்கும் முந்நூற்றிநாலும் அப்படியே. 32 சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. யார் கலைத்தாலும் அதே 32தான்.

1993இல் வந்த மேஜிக் இந்த அடிப்படையைக் கழற்றிப் போட்டது. கட்டை நீயே கட்டிக்கொண்டு வா என்றது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில், அதிலும் சேர்மானக் கணிதத்தில், முனைவர் பட்டம் வாங்கியவர். ஆயிரக்கணக்கான சீட்டுகள் இருக்கும். அவற்றிலிருந்து குறைந்தது 60ஐப் பொறுக்கி உன் டெக்கை அமைத்துக்கொள். எதிரே இருப்பவன் எதைக் கொண்டு வருகிறான் என்று உனக்குத் தெரியாது. 1996இல் ஜப்பானில் போகேமான் கார்ட், 1999இல் யு-கி-ஓ என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாம் இந்த வழியில் பிறந்தவைதான்.

தமிழ் வீடுகளில் இதைப் பற்றி முதலில் வரும் கேள்வி, "காசுக்கு விளையாடுறதோ?" என்பதுதான். பாரதம் கேட்டு வளர்ந்த சமூகம். சந்தேகம் வரத்தான் செய்யும். உண்மையைச் சொன்னால் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. மேஜிக்கின் முதல் விதிப்புத்தகத்தில் 'ஆன்டி' என்று ஒரு விதி இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பணயமாக வைக்க வேண்டும். ஜெயித்தவருக்கு இரண்டும் சொந்தம். அச்சு அசலான சூது. கிடைத்தற்கரிய சீட்டை இழக்க யாரும் தயாராக இல்லை, பெற்றோரும் ஒப்பவில்லை. சில ஆண்டுகளில் அந்த விதி வழக்கொழிந்தது. அங்கீகரித்த போட்டிகளில் அதற்கு இடமே இல்லை. ஆனால் சூது மேசையை விட்டுப் போனதே தவிர கடையை விட்டுப் போகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பூஸ்டர் பாக்கெட்டில்தான் அது இப்போது குடியிருக்கிறது. 'ஒன் ரிங்' கதையே அதற்குச் சாட்சி. பிள்ளை போட்டிக்குப் போகிறான் என்றால் பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை. பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் கவலைப்படலாம்.

2024 ஏப்ரலில் இதே டொரன்டோவில் கேண்டிடேட்ஸ் செஸ் நடந்தது. பதினேழு வயது குகேஷ் 14 சுற்றுகளில் 9 புள்ளி எடுத்து முதலில் வந்தபோது இந்த வட்டாரத் தமிழர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிரக்ஞானந்தாவும் வைஷாலியும்கூட அங்கே ஆடினார்கள். செஸ் என்றால் பெருமை, கார்ட் என்றால் முகச்சுளிப்பு. இத்தனைக்கும் இரண்டும் தூரத்து உறவுதான். வெள்ளிக்கிழமை கடைப்போட்டி நடக்கும் 'ஸ்விஸ்' முறை செஸ்ஸிலிருந்து வந்தது. 1895இல் சூரிக்கில் நடந்த ஒரு செஸ் போட்டியில் முதன்முதலில் பயன்படுத்தியது. யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஜெயித்தவருக்கு அடுத்த சுற்றில் ஜெயித்தவர், தோற்றவருக்குத் தோற்றவர். நான்கு ஆட்டத்திலும் தோற்றாலும் நான்கு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். செஸ்ஸில் இல்லாத ஒன்றும் இங்கே உண்டு: கலைத்த கட்டு. எவ்வளவு பெரிய கெட்டிக்காரனையும் அது ஒரு மாலைக்குள் அழவைக்கும்.

என் சிவப்புக் கட்டு

என்னுடைய டெக்குக்கு 'பர்ன்' என்று பெயர். மேஜிக்கில் ஐந்து நிறங்கள். என்னுடையது பெரும்பாலும் சிவப்பு. சிவப்பின் முகமாக வெளியீட்டுக் கம்பெனி முன்னிறுத்தும் பாத்திரம் சந்திரா நலார் என்ற நெருப்புக்காரி. அவள் ஊரான 'கலதேஷ்' இந்தியச் சாயலில் வரைந்த உலகம், 2016இல் தனித் தொகுதியாக வந்தது. அந்தப் பெயர் சரியில்லை என்று பின்னால் உணர்ந்து, 2025 தொகுதியில் 'அவிஷ்கார்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் நான் சிவப்புக்கு வந்தது சந்திராவுக்காக இல்லை. கணக்குக்காக.

ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 20 லைஃப். 'லைட்னிங் போல்ட்' என்ற சீட்டு ஒரு சிவப்பு மானா (சீட்டைப் போடக் கொடுக்கும் விலை) செலவில் 3 லைஃபைப் பறிக்கும். ஏழு போல்ட் என்றால் 21. அவ்வளவுதான் என் திட்டம்: எதிராளி என்ன கோட்டை கட்டினாலும் சரி, ஏழு மின்னல் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே சீட்டை நான்கு பிரதிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் அதே வேலையைச் செய்யும் உறவினர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'லாவா ஸ்பைக்', 'ரிஃப்ட் போல்ட்' மூன்று மூன்று. 'போரோஸ் சார்ம்' நான்கு. கூடவே முதல் முறையிலேயே ஓடிப்போய் அடிக்கும் 'மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர்'. லைட்னிங் போல்ட் 1993 முதல் தொகுதியிலேயே இருந்தது. நிறத்துக்கு ஒன்றாக, ஒரு மானாவுக்கு ஏதாவது ஒன்றில் மூன்று தரும் ஐந்து சீட்டுகளில் அது ஒன்று. அதன் நீலச் சகோதரி 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்' ஒரு மானாவுக்கு மூன்று சீட்டு எடுக்கவிடும். இன்று அதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் விலை, பெரும்பாலான பிரிவுகளில் தடை. போல்ட்டின் சாதாரணப் பதிப்பு டிம் ஹோர்ட்டன்ஸில் ஒரு காப்பி குடிக்கிற காசுக்குக் கிடைக்கும்.

பிடித்த டெக் என்றால் ஏதோ பழைய பாசம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். பாசமும் இருக்கட்டும். ஆனால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் மனப்பாடமான எண்கள். 60 சீட்டில், மானா தரும் லேண்ட் 20. கலைத்து, வெட்டி, ஏழு எடுத்தால் சராசரியாக இரண்டே கால் லேண்டுக்குச் சற்று மேல் வரும். பர்னுக்கு அது போதும். லேண்டே இல்லாத கை நூற்றுக்கு ஐந்து தடவை வரும். நான்கு பிரதி வைத்த சீட்டில் ஒன்றாவது முதல் ஏழில் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுதான், அதனால் 'போல்ட் வரும்' என்று நம்பி எதையும் தொடங்கக் கூடாது. கை பிடிக்காவிட்டால் திருப்பிப் போட்டு மறுபடி ஏழு எடுத்து ஒன்றை அடியில் வைக்கலாம். 2019இலிருந்து அதுதான் விதி. ஒரு லேண்டும் ஆறு நெருப்பும் வந்தால் வைத்துக்கொள்வதா, கலைப்பதா? புதிதாக டெக் எடுத்தவன் இதற்கு இரண்டு நிமிடம் யோசிப்பான். பல வருடம் அதையே ஆடியவன் எதிராளியின் முகத்தைப் பார்க்க அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிப்பான். ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் இது சாதாரண லாபமில்லை.

இன்னொன்றும் அனுபவத்தில்தான் தெரியவரும். மாடர்ன் பிரிவில் நல்ல லேண்டுகள் எல்லாம் உடையவனையே கடிக்கும். கட்டிலிருந்து வேண்டிய லேண்டைத் தேடி எடுக்க ('ஃபெட்ச்' என்பார்கள்) 1 லைஃப், அதை உடனே பயன்படுத்த 2. எதிராளி தன் முதல் முறையிலேயே தனக்குத்தானே மூன்று போட்டுக்கொள்கிறான். எனக்கு ஒரு போல்ட் மிச்சம். பலர் 17இலிருந்துதான் ஆட்டத்தையே தொடங்குகிறார்கள். ஏழு மின்னல் ஆறாகிவிடுகிறது.

ஜெயிக்கிற டெக்

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். போட்டிக்குப் போவது ஜெயிக்க. ஜெயிக்கிற டெக் எது என்பது ஒவ்வொரு வாரமும் முடிவுகளைப் பார்த்தால் தெரிகிறது. தெரிந்தும் பழைய டெக்கைக் கட்டிக்கொண்டு அழுவது வீம்பு. இதைச் சொல்பவர்களிடம் வலுவான சான்று இருக்கிறது. 2024 ஜூன் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த, மேஜிக்கின் உயர்மட்டப் போட்டியான புரோ டூரில் ஒரு பறவைச் சீட்டு அரங்கையே ஆட்டிப் படைத்தது. அதன் பெயர் 'நாடு'. தமிழருக்கு மட்டும் சிரிப்பு வரும் பெயர். ஏராளமானோர் அதை ஆடினார்கள், டென்மார்க்கின் சைமன் நீல்சன் அதை வைத்தே பட்டம் வென்றார். கடைசி நேரத்தில் மாற்றி எழுதிய வடிவத்தைச் சோதித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டோம் என்று வடிவமைத்தவரே பிறகு எழுதினார். ஆகஸ்டில் தடை வந்தது. அந்த வார இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் பிடித்த டெக்கோடு உட்கார்ந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மறுபக்கக் கதைகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் கிரெய்க் வெஸ்கோ வருடக்கணக்காகச் சின்னச் சின்ன வெள்ளைப் பிராணிகளையே விடாமல் ஆடிவந்தவர். நண்பர்கள் கேலி செய்தும் கேட்கவில்லை. 2013 மே மாதம் சான் டியேகோ புரோ டூரில் அந்தப் பிராணிகளோடு, கொஞ்சம் பச்சை கலந்து, பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனார். எனக்கு இதைவிடப் பிடித்தது 'லேன்டர்ன் கன்ட்ரோல்' கதை. எதிராளியின் கட்டில் அடுத்து வரப்போகும் சீட்டை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கும் டெக் அது. உபயோகமான சீட்டு மேலே வந்தால் குப்பைக்கு அனுப்பும், உதவாத சீட்டு வந்தால் 'எடுத்துக்கொள்' என்று விட்டுவிடும். எதிரே இருப்பவர் சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். சிலருக்கு மட்டுமே பிடித்த, மற்ற எல்லோரும் வெறுத்த வினோதம். 2018 பிப்ரவரியில் ஸ்பெயினின் பில்பாவோவில் அர்ஜென்டினாவின் லூயிஸ் சல்வாட்டோ அதை வைத்தே புரோ டூர் வென்றார்.

கனடாக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2012இல் பார்சிலோனாவில் அலெக்சாண்டர் ஹெய்ன், அப்போதுதான் வெளிவந்த 'மிராக்கிள்' சீட்டுகளை வைத்து நீல-வெள்ளை டெக் கட்டிப் போய்ப் பட்டம் வென்றார். கேரி வைஸ் 2006இல் மேஜிக்கின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். உலகச் சாம்பியன்ஷிப்பே 2001 ஆகஸ்டில் டொரன்டோவுக்கு வந்திருக்கிறது. நெதர்லாந்தின் டாம் வான் டி லோக்ட் கறுப்பு-சிவப்பு டெக்கில் ஜெயித்த வருடம். பிக்கரிங்கிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய நகரத்தில் அது நடந்தது. இன்று பாதை படிப்படியாக இருக்கிறது: கடை அளவில் தகுதிப் போட்டி, அதில் தேறினால் நாட்டு அளவில் ரீஜனல் சாம்பியன்ஷிப், அங்கிருந்து புரோ டூர்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ரீஜனலுக்குப் போகிறவன் ஜெயிக்கிற டெக்கைத்தான் எடுத்துப் போக வேண்டும். ஹோட்டல், பயணம், நுழைவுக் கட்டணம் எல்லாம் கொடுத்துவிட்டு அங்கே பாசம் பேசுவது வீண். ஆனால் கடைப்போட்டியில் நான்கே சுற்று. எதிரே வருபவர்களில் பாதிப் பேருக்கு அவர்கள் டெக்கே புதிது. அங்கே பழகிய கை ஜெயிக்கும்.

உண்மையான எதிராளி

இந்தச் சண்டையில் இரு தரப்பும் மறந்துவிடுவது மூன்றாவது ஆளை. பிடித்த டெக்கை ஒழிப்பவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் இல்லை. அச்சடிக்கிற கம்பெனி.

மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2022இல் மேஜிக் மட்டும் அந்த நிறுவனத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. 2025இல் 'ஃபைனல் ஃபேன்டஸி' வீடியோ கேமோடு சேர்ந்து வெளியிட்ட தொகுதி ஒரே நாளில் 20 கோடி டாலருக்கு விற்றதாக அதன் தலைமை அதிகாரி சொன்னார். இப்படி விற்க வேண்டுமென்றால் நேற்று வாங்கியது இன்று போதாது என்று நமக்குத் தோன்ற வேண்டும். அதற்கு வழிகள் இருக்கின்றன. 'ஸ்டாண்டர்ட்' பிரிவில் சில ஆண்டுகளுக்கு மேல் பழைய தொகுதிகள் செல்லாது. செல்லும் என்று வாக்குக் கொடுத்த மாடர்ன் பிரிவிலோ, 2019, 2021, 2024 என்று நேரடியாக அதற்கென்றே வலுவான தொகுதிகளை அச்சடித்து இறக்கினார்கள். பழைய டெக்கை யாரும் தடை செய்யவில்லை. சுற்றியிருப்பவை எல்லாம் வளர்ந்து அதைக் குள்ளமாக்கிவிட்டன. என் பர்னுக்கு நடந்தது இதுதான்.

போகேமானில் இன்னும் வெளிப்படை. சீட்டின் மூலையிலேயே ஓர் எழுத்து அச்சிட்டிருக்கும். அந்த எழுத்தின் காலம் முடிந்தால் சீட்டும் முடிந்தது. 2023 ஆகஸ்டில் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்காவின் வான்ஸ் கெல்லி 'மியூ வி-மேக்ஸ்' டெக்கை வைத்து, நார்வேயின் டோர்ட் ரெக்லெவை இறுதியில் வீழ்த்திச் சாம்பியன் ஆனார். அடுத்த ஏப்ரலில் அந்த டெக்கின் எழுத்துக்கு நாள் முடிந்தது. உலகத்தையே வென்ற கட்டை எட்டே மாதத்தில் ஸ்டாண்டர்ட் போட்டி மேசையில் வைக்க முடியாமல் போனது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தடைப் பட்டியல். 'ஸ்ப்ளின்டர் ட்வின்' மாடர்னில் பலருடைய செல்ல டெக். 2016 ஜனவரியில் அதன் முக்கியச் சீட்டைத் தடை செய்தார்கள். பல நூறு டாலர் போட்டு, ஃபாயில் பதிப்பாகத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் கையில் அது ஒரே அறிவிப்பில் காட்சிப் பொருளானது. லேன்டர்ன்காரர்களுக்கு 2020இல் 'மாக்ஸ் ஓபல்' போனது. பிறகு 2024 டிசம்பர் 16. 'ஒன் ரிங்'கைத் தடை செய்த அதே அறிவிப்பில் ஸ்ப்ளின்டர் ட்வினையும் மாக்ஸ் ஓபலையும் விடுவித்தார்கள். ஒன்பது வருடம் அலமாரியில் கிடந்த ட்வின் டெக்குகள் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் புது உறை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தன. வந்து பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஊர் எங்கேயோ போய்விட்டிருந்தது. ஆடியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தோற்றுவிட்டு எழும்போதும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

முந்நூற்றிநாலில் யாரும் ஒன்பதைத் தடை செய்ய முடியாது என்பதை இங்கே பொறாமையோடு பதிவு செய்கிறேன்.

மேசை நான்கு

பிக்கரிங் பக்கத்துக் கடை ஒன்று. முன்னால் பாக்கெட்டுகளும் பொம்மைகளும், பின்னால் மேசைகள். 'ஃப்ரைடே நைட் மேஜிக்' என்று 2000இல் தொடங்கிய வழக்கம் இங்கேயும் தொடர்கிறது. உறை மாட்டிய கட்டுகள், சுருட்டி எடுத்து வந்த ரப்பர் விரிப்புகள், இருபது பக்கப் பகடைகள். பெயர் கொடுத்து, கட்டணம் கட்டி, மேசை எண்ணைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். மூன்றாம் சுற்றில் எனக்கு எதிரே வந்தவன் பல்கலைக்கழக வயதுப் பையன். காதில் கடுக்கன், ராப்டர்ஸ் ஜெர்சி. என் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டான்.

"அங்கிள், ஆரைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்கள்?"

"யாரையும் இல்ல தம்பி. உன்கூட ஆடத்தான். மேசை நாலு நீதானே?"

"ஐயோ, சாரி அங்கிள்." வெட்கச் சிரிப்போடு கட்டைக் கலைத்து வெட்டுவதற்கு என் பக்கம் நகர்த்தினான். கலைத்ததை எதிராளி வெட்டித்தான் ஆட்டம் தொடங்கும். இது மட்டும் எந்த ஊர்ச் சீட்டாட்டத்துக்கும் பொது.

அவனுடையது நீல-வெள்ளைக் கன்ட்ரோல். எதையும் நடக்கவிடாமல் தடுத்து, எதிராளி களைத்த பிறகு மெதுவாக ஜெயிக்கும் வகை. ஹெய்ன் பார்சிலோனாவில் ஆடியதற்குப் பேரன் முறை. ஸ்கார்பரோவில் பிறந்தவன், அண்ணனிடமிருந்து வந்த டெக்காம். ஒவ்வொரு சீட்டாக மாற்றி மாற்றி இன்று பழைய சீட்டு பத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது, ஆனாலும் அதே டெக்தான் என்றான். எனக்கு அது முழுக்கப் புரிந்தது.

முதல் ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. லேண்ட் எடுக்கும்போதே தனக்கு மூன்று போட்டுக்கொண்டு 17க்கு இறங்கினான்; ஸ்விஃப்ட்ஸ்பியர் இரண்டு முறை அடித்தது; மீதியை நெருப்பு பார்த்துக்கொண்டது. இரண்டாவதற்கு முன் இருவரும் சைட்போர்டைத் திறந்தோம். வெளியே வைத்திருக்கும் 15 சீட்டிலிருந்து எதிராளிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. லைஃப் ஏற்றும் சீட்டுகளை உள்ளே கொண்டுவந்தான். நான் மூன்று குறைத்தால் அவன் நான்கு ஏற்றினான். மெல்ல மெல்ல என் கை காலியாகி, அவன் கை நிரம்பி, எழுந்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது ஆட்டத்தில் அவனை 3க்குக் கொண்டுவந்திருந்தேன். என் கையில் இரண்டு லைட்னிங் போல்ட். அவனிடம் ஐந்து லேண்ட், கையில் நான்கு சீட்டு, அதில் 'கவுன்டர்ஸ்பெல்' இருப்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. இரண்டு லேண்ட் செலவில் எதையும் தடுக்கும் சீட்டு. ஐந்தும் விழித்திருந்தால் இரண்டு தடவை தடுக்கலாம். அவனோ தன் முறையில் இரண்டு லேண்டைச் செலவழித்துப் புதுச் சீட்டு தேடினான். மிச்சம் மூன்று.

பர்ன் ஆடுகிறவன் இந்த இடத்துக்காகத்தான் காத்திருப்பான். என் முறை வரட்டும் என்று பொறுக்கக் கூடாது. அவன் முறையின் கடைசி நொடியில் முதல் போல்ட்டைப் போட வேண்டும். அவன் தடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் செத்தான். தடுத்தால் ஒரு லேண்ட்தான் மிஞ்சும். அவனுடைய லேண்டுகள் அவனுடைய அடுத்த முறையில்தான் மறுபடி எழும். அதற்கு முன் என் முறை வருகிறது.

"உன் டர்ன் முடியறதுக்கு முன்னாடி, போல்ட்."

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். கவுன்டர்ஸ்பெல்லை வைத்தான். என் முறை. சீட்டு எடுத்தேன், என்னவென்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது போல்ட்டை மேசையில் வைத்தேன். ஒரு லேண்டில் போடக்கூடியது எதுவும் அவன் கையில் இல்லை.

"ஃபெட்ச் எடுக்காமல் விட்டிருந்தால் தப்பியிருப்பன்," என்றான் கையை நீட்டியபடி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கிள், என்ட அப்பாவைக் கண்டால் சொல்லிப்போடாதேங்கோ. திங்கக்கிழமை மிட்டேர்ம்."

நான்காம் சுற்றில் எனக்கு வந்தது 'எனர்ஜி' டெக். 2024 தொகுதியில் வந்த 'ஃப்ளேஜ்' என்ற ராட்சசன் அதில் இருக்கிறது. மேசைக்கு வந்தவுடன் 3 பறிக்கும், உடையவனுக்கு 3 ஏற்றும். குப்பைக்குப் போன பிறகும் அங்கிருந்து எழுந்து வந்து அதையே செய்யும். என்னுடைய ஒரு மின்னலை அழித்து, தன்னுடைய ஒரு மின்னலையும் இறக்கும் சீட்டு. பர்னை ஒழிப்பதற்கென்றே உட்கார்ந்து யாரோ வரைந்தது போலிருக்கும். இரண்டு ஆட்டமும் அடுத்தடுத்துப் போயிற்று; சுற்றில் பாதி நேரம்கூட ஆகவில்லை. பரிசு வரிசைக்கு வெளியே நின்றேன்.

பையன் தன் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டு என் மேசைக்கு வந்து, கேட்காமலே என் கட்டை விரித்துப் பார்க்க ஆரம்பித்தான். 'ஸ்கல்கிராக்' என்ற சீட்டைப் போட்டால் அந்த முறை முழுவதும் யாரும் லைஃப் ஏற்ற முடியாது; 3 லைஃபும் பறிக்கும். நான் அதைச் சைட்போர்டில் இரண்டு பிரதி வைத்திருந்தேன். மெயினிலேயே நாலு வேண்டும் என்றான் அவன். அப்படியென்றால் நான்கை வெளியே எடுக்க வேண்டும். ரிஃப்ட் போல்ட் ஒரு முறை தாமதமாகத்தான் இறங்குகிறது, இந்த வேகத்துக்கு அது சரிவராது, அந்த நாலையும் தூக்குங்கள் என்பது அவன் கட்சி. ஒரு மானாவுக்கு மூன்று தரும் சீட்டைத் தூக்கிவிட்டு இரண்டு மானா சீட்டை வைத்தால் 20 லேண்ட் போதாது, 21 ஆக்க வேண்டும், அப்புறம் அது பர்னே இல்லை என்பது என் கட்சி. கடைக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டும்வரை பேசினோம். இரண்டு ரிஃப்ட் போல்ட்டை எடுத்துவிட்டு இரண்டு ஸ்கல்கிராக்கை உள்ளே வைத்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், அடுத்த வெள்ளிக்கு மட்டும்.